சந்துக்குள் வண்டி ஷெட்: பூட்டை அப்புறம் வாங்குங்கள், முதலில் தரையைப் போடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இது. கடலூர்ப் பக்கம் சொந்த வீடு. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே 6 அடி அகலச் சந்து. வீட்டில் ஒரு ஸ்பிளெண்டர் பைக், தங்கையுடையதையும் சேர்த்து இரண்டு சைக்கிள். வராந்தாவில் கம்பிப் பூட்டுப் போட்டு நிறுத்தியிருந்த தங்கையின் கியர் சைக்கிளைப் போன மாதம் இரவில் வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். புதிது வாங்குவதற்குள் அந்தச் சந்தில் ஒரு ஷெட் போட வேண்டும். உள்ளூர் வெல்டரை வைத்து நாமே செய்துகொள்ளலாமா, பெரிய பூட்டாகப் போட்டுவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். பூட்டு மட்டும் போதாது. 22 வருடமாகக் கேட், கிரில், ஷெட் வேலை செய்கிறவன் நான். திருடன் கைவைத்த ஷெட்டைச் சரிசெய்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பூட்டு பூட்டியபடி அப்படியே தொங்கும். அதை மாட்டியிருந்த கொண்டி, தகரத்தோடு பிய்ந்து கீழே கிடக்கும். இல்லையென்றால் கீலில் இருந்து கதவையே தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் கூரைத் தகரத்தின் ஸ்க்ரூக்களை ஸ்பானர் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, தகரத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மேலிருந்து இறங்கிச் சைக்கிளை எடுத்துப் போயிருந்தார்கள். அந்த ஷெட்டைப் போட்டவன் நான்தான். ஸ்க்ரூ தலை வெளியே இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் கட்டிங் மெஷின் வந்த பிறகு, வெட்ட முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. எவ்வளவு கெட்டியான இரும்பும் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தை நீட்டுவதும், அந்த நேரம் முழுக்கச் சத்தம் வர வைப்பதும்தான் நம் வேலை. ஆகவே ஷெட்டைக் கண்காணாத கொல்லையில் போடாதீர்கள். சந்தில் உங்கள் படுக்கையறை ஜன்னல் எங்கே திறக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் கதவு வரட்டும். அந்த மெஷினின் டிஸ்க் இரும்பில் பட்ட உடனே உங்களுக்குக் கேட்க வேண்டும்.

இரும்புக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். ஸ்பிளெண்டர் நீளம் 2 மீட்டர், அகலம் 72 சென்டிமீட்டர். சைக்கிள் ஏறக்குறைய 6 அடி நீளம், ஹேண்டில்பார் 60 முதல் 70 சென்டிமீட்டர். இரண்டு சைக்கிளையும் ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம் பார்க்கிற மாதிரி தலைகால் மாற்றி நிறுத்தினால் 95 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். எல்லாம் சேர்த்து 167 வருகிறது. உங்கள் 6 அடி என்பது 183. கணக்குக்குச் சரி. ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆளுக்கும் இடம் வேண்டுமே. 6 அடிக்கு 8 அடி என்று தரையில் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒரு வாரம் வண்டிகளை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தினமும் காலையில் சைக்கிளை வெளியே வைத்துவிட்டுத்தான் பைக்கை எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், எடை குறைந்த சைக்கிளை முன்சக்கரத்தால் வீட்டுச் சுவரில் கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். எடுக்கச் சிரமமாக இருக்கிற ஷெட்டில் பத்தே நாளில் யாரும் வண்டியை விடமாட்டார்கள். மறுபடி வராந்தாவுக்கு வந்துவிடும்.

சந்து என்பது வீட்டு வரைபட அனுமதியில் திறந்தவெளியாகக் காட்டியிருக்கும் இடம். உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். நிரந்தரச் சுவர் எழுப்பாமல், போல்ட் போட்டு நிறுத்துகிற இரும்புச் சட்டமாகவே வையுங்கள்.

இனி தரை. பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இங்கே போகட்டும் என்பேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது. சந்தில்தான் சாக்கடைக் குழாயும் தண்ணீர்க் குழாயும் எர்த் கம்பியும் போகும். அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு தோண்டுங்கள். வீட்டை ஒட்டிய குழிகளில் அஸ்திவாரக் கல் தென்பட்டால் அதை இடிக்காமல் குழியைத் தள்ளிப் போடுங்கள். மூலைக்கு ஒன்று, நீளவாட்டில் நடுவே பக்கத்துக்கு ஒன்று என 6 தூண் குழிகள், ஒவ்வொன்றும் 1 அடி சதுரம், 2 அடி ஆழம். அவற்றோடு சேர்த்து 4 அங்குலக் கனத்தில் தளம். தளத்துக்குள் 8 மி.மீ. கம்பியை 6 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். தளம் சுற்றுத் தரையைவிட 6 அங்குலமாவது உயர்ந்து, வாசல் பக்கம் லேசாகச் சரிந்து இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை உங்கள் ஊரை எப்படி நனைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சக்கரம் ஏற வாசலில் ஒரு சிறு சரிவு போட்டால் போதும்.

இந்தத் தளத்தில்தான் என் ஷெட்டுகளின் உயிர் இருக்கிறது. வண்டியைக் கட்டுகிற வளையம். கான்கிரீட் போடுவதற்கு முன்பே, வண்டி நிற்கும் இடத்தில் சுவரோரமாக இரண்டு குழி, 1 அடி சதுரம், ஒன்றரை அடி ஆழம். 16 மி.மீ. கம்பியை யு வடிவில் வளைத்து, கீழ்க்கால்கள் இரண்டையும் வெளிப்பக்கமாக மடக்கி, தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மேலே சங்கிலி நுழையும் அளவுக்கு 3 அங்குலம் மட்டும் தெரியட்டும். கால் மடங்கி இருப்பதால் கான்கிரீட்டையே உடைத்தால் ஒழிய அது வெளியே வராது. தளம் போட்ட பிறகு துளை போட்டு மாட்டும் ஆங்கர் போல்ட் வளையமும் கடையில் கிடைக்கும். புதிதாகத் தளம் போடுகிறவருக்கு அது எதற்கு? உள்ளே புதைத்ததற்கு அது ஈடாகாது.

ஷெட்டுக் கதவைத் திறந்துவிட்டாலும் வண்டி இந்த வளையத்தில் சங்கிலியால் கட்டியிருக்கும். திருடன் இரண்டாவது வேலையை முதலில் இருந்து தொடங்க வேண்டும், அதுவும் குறுகிய இடத்தில் குனிந்தபடி. சங்கிலி 10 மி.மீ.க்குக் குறையாத, கடினப்படுத்திய கண்ணியாக இருக்கட்டும். சைக்கிளாக இருந்தால் சக்கரத்தை மட்டும் கட்டாதீர்கள், சக்கரம் ஒரு நிமிடத்தில் கழன்றுவிடும். சட்டத்துக்குள் விட்டுக் கட்டுங்கள். சங்கிலி தரையில் படாமல் மேலே இழுத்து நிற்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தரையில் கிடந்தால் தளமே பட்டறைக்கல் ஆகிவிடும். சம்மட்டியால் அடிக்கவும், போல்ட் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி முழு உடம்பாலும் அழுத்தவும் தோதாகப் போய்விடும்.

கணக்குக்காக: தளம் 16 கன அடி, தூண் குழிகள் 12, வளையக் குழிகள் 3, ஆக 31 கன அடி. 1:1½:3 (சிமெண்டு, மணல், ஜல்லி) கலவைக்கு 7 மூட்டை சிமெண்டு. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த, மெதுவாக இறுகும் பி.பி.சி. சிமெண்டு என்பதால் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்டுங்கள். சாக்குப் போட்டு நனைத்தால் இன்னும் நல்லது. மூன்றாம் நாளே தூணை நிறுத்த வெல்டர் அவசரப்படுவார். விடாதீர்கள்.

தூணை அப்படியே கான்கிரீட்டில் புதைக்கலாமா என்று கேட்பார்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றில், இரும்பும் தரையும் சந்திக்கிற அந்த ஒரு விரல் இடத்தில்தான் முதலில் துரு தின்னும். ஐந்தாறு வருடத்தில் தூண் அங்கேயே மெலிந்துவிடும். அதற்குப் பதிலாக அடி வளைந்த 12 மி.மீ. ஜே போல்ட் நான்கை ஒவ்வொரு தூண் குழியிலும் புதைத்து, தூணின் அடியில் வெல்டிங் வைத்த 8 மி.மீ. தகட்டை, அதாவது பேஸ் பிளேட்டை, அதன்மேல் உட்கார வைத்து முடுக்குங்கள். முடுக்கிய பிறகு நட்டை போல்டோடு ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள். இல்லாவிட்டால் ஷெட்டையே அடியோடு கழற்றலாம் என்று ஆகிவிடும். தூண் 50க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம். குறுக்குச் சட்டங்கள் 40க்கு 40, 2 மி.மீ. போதும். கடையில் கேஜ் கணக்கில் சொல்வார்கள்: 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2. விலை குறைகிறது என்று 18 கேஜுக்கு இறங்காதீர்கள். ரசீதில் எழுதியதை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள்: 40க்கு 40, 2 மி.மீ. குழாய் 6 மீட்டர் நீளம் ஏறக்குறைய 14 கிலோ நிற்க வேண்டும்.

சுவர் விஷயத்தில் உங்களுக்கு லாபம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், ஒரு பக்கம் காம்பவுண்டு. மூட வேண்டியது முன்பக்கம், பின்பக்கம், காம்பவுண்டுக்கு மேலே மிஞ்சும் இடைவெளி, இவ்வளவுதான். கலர் ஷீட்டை மட்டும் அடித்து விட்டுவிடாதீர்கள். அரை மி.மீ. தகரத்தைக் கைக்கத்தரியே வெட்டிவிடும், சத்தமும் வராது. உள்ளே 12 மி.மீ. கம்பியை 4 அங்குல இடைவெளியில் கிரில் மாதிரி வெல்டிங் வைத்து, அதற்கு வெளியே தகரம் அடியுங்கள். தகரம் பார்வையை மறைக்க, கிரில் ஆளைத் தடுக்க. தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே என்ன வண்டி நிற்கிறது என்று தெரியக் கூடாது. அதனால் 5 அடி உயரம் வரை தகரம், அதற்கு மேல் வெறும் கிரில். வெளிச்சமும் காற்றும் அதில் வரும். கதவுக்குக் கீழேயும் 2 அங்குல இடைவெளி விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். மேலே மட்டும் வழி விட்டால் அது வெளியேறாது.

கூரைக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் உங்கள் கரையில் ஏறிய மறுநாள், தகரங்கள் எங்கெங்கே போய்க் கிடந்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயம் சென்னை, புதுச்சேரிக் கரைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். உங்கள் கூரை நாலரைச் சதுர மீட்டர், ஆக 650 கிலோவுக்கு மேல். மேல்நோக்கி உறிஞ்சுகிற காற்றின் முன்னால் 20, 25 கிலோ தகரம் எம்மாத்திரம்? அந்த இழுப்பைத் தகரம் சட்டத்துக்குக் கொடுக்க வேண்டும், சட்டம் தூணுக்கு, தூண் பேஸ் பிளேட்டுக்கு, அது கீழே இருக்கும் கான்கிரீட்டுக்கு. தூண் குழிகளின் கான்கிரீட் மட்டுமே 800 கிலோ வரும், தளம் இன்னொரு டன். திருடனுக்காகப் போட்ட தரையே புயலுக்கும் நங்கூரம் ஆகிறது பாருங்கள்.

கூரைக்கு அடியிலும் அதே 12 மி.மீ. கிரில்லை, 6 அங்குல இடைவெளியிலாவது, வெல்டிங் வைத்துவிடுங்கள். தகரத்தை செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் அடித்தால் அதன் அறுகோணத் தலை வெளியே இருக்கும், யாரும் கழற்றலாம். நான் ஏமாந்தது இதில்தான். கிரில் இருந்தால் தகரத்தைக் கழற்றியும் பயனில்லை. ஸ்க்ரூவை அலையின் மேட்டில் அடியுங்கள், ரப்பர் வாஷரோடு. பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். சரிவை முன்னே 7½ அடி, பின்னே 6½ அடி என்று வைத்து, தண்ணீரை உங்கள் கொல்லைப் பக்கமே விடுங்கள். காம்பவுண்டுப் பக்கம் சரித்தால் பக்கத்து வீட்டுக்குள் கொட்டும். ஷெட்டுக்காக ஒரு நல்ல அண்டை வீட்டாரை இழக்கக் கூடாது, இரவில் சத்தம் கேட்டு எழுந்து வருகிறவர் அவர்தான்.

கதவு 6 அடிக்கு இரண்டு பலகையாக வெளிப்புறம் திறக்கட்டும். ஒற்றைக் கதவாகப் போட்டால் இரண்டு வருடத்தில் தொங்கிவிடும். பட்டறையில் சாதாரணமாக புல்லட் கீல்தான் வைப்பார்கள். நல்ல கீல். ஆனால் அதன் குணமே, கதவை மேலே தூக்கினால் கழன்று வருவது. ஒரு நெம்புகோல் போதும். இரண்டு வழி இருக்கிறது. இரண்டு கீலில் ஒன்றைத் தலைகீழாக வைப்பது ஒன்று. கதவு மாட்டிய பிறகு மேல் கீலுக்குச் சற்று மேலே தூணில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கதவு எழும்பாமல் தடுப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைச் செய்வேன், பிறகு பழுது பார்க்க வேண்டுமென்றால் அந்த நட்டை மட்டும் அறுத்தால் போதும். அடிக்கடி திறக்காத பலகைக்கு உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் கான்கிரீட்டில் போட்ட குழிக்குள் 2 அங்குலம் இறங்க வேண்டும். இரண்டு பலகையும் சேரும் இடத்தில் வெளியே முழு உயரத்துக்கும் 50க்கு 5 மி.மீ. இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்து இடைவெளியை மூடுங்கள். கடப்பாரை முனை நுழைய ஓரிடம் கிடைத்தால்தான் அது கடப்பாரை.

இப்போது பூட்டு. 16 மி.மீ. கம்பியில் ஆல்ட்ராப் (பூட்டு மாட்டும் பெரிய இழுப்புத் தாழ்ப்பாள்) போடுங்கள், அதன் காதுகளைக் கதவுச் சட்டத்தில் வெல்டிங் வையுங்கள். தகரத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் ரெடிமேட் கொண்டி வேண்டவே வேண்டாம். பூட்டைச் சுற்றி 5 மி.மீ. தகட்டில் ஒரு பெட்டி, அடியில் மட்டும் கை நுழைய வழி. பூட்டின் வளைவு வெளியே தெரியாது, போல்ட் கட்டரின் வாய் உள்ளே போகாது, சுத்தியலால் அடிக்க இடமிருக்காது. எந்த வெல்டரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடக் கூடிய இந்தப் பெட்டியைத்தான் பலர் விட்டுவிட்டு, அந்தக் காசையும் சேர்த்துப் பெரிய பூட்டு வாங்குகிறார்கள். பெட்டியை அடிப்பதற்கு முன்னால் பூட்டை வாங்கி வெல்டரிடம் கொடுத்து அளவு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சாவியைத் திருப்ப விரல் நுழையவில்லை என்று அறுக்க வேண்டி வரும்.

எந்தப் பூட்டு என்றால், வளைவு 10 மி.மீ.க்குக் குறையாத, கடினப்படுத்திய இரும்பாக இருக்கட்டும், உடம்பு கனமாக இருக்கட்டும். என் பட்டறைக் கதவில் தொங்குவது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது, கைவேலை, உள்ளே லீவர். ஒரே மாதிரி சாவி பத்துப் பேரிடம் இருக்கிற மலிவுப் பூட்டுகளைவிட அதன்மேல் எனக்கு மரியாதை அதிகம். கடலோரத்தில் எந்தப் பூட்டானாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிராபைட் தூள் போடுங்கள். எண்ணெய் விட்டால் மணலும் தூசியும் ஒட்டி இறுகிவிடும். சங்கிலிப் பூட்டும் கதவுப் பூட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டாம். ஒன்றைத் திறக்கக் கற்றவனுக்கு இரண்டும் திறந்துவிடும்.

பெயிண்ட் சின்ன விஷயம் இல்லை, ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்டிங் கசடைத் தட்டி, துருவைத் தேய்த்து எடுத்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். இரவு முழுக்க வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். ரெட் ஆக்சைடு போதும் என்பார்கள், கடலோரத்துக்கு எபாக்ஸி ஜிங்க் பிரைமர் அடியுங்கள். குழாய்களின் திறந்த வாய்களைத் தகடு வைத்து மூடிவிடுங்கள், தண்ணீர் உள்ளே போனால் உள்ளிருந்தே அரிக்கும். ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய குழாய், வாங்கினால் வெல்டிங் வைக்கும் இடத்தில் மேல்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். பூச்சோடு வெல்டிங் வைத்தால் எழும் வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போதும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பாமல், அவரைக் காற்றோட்டமான இடத்தில் முகமூடியோடு வேலை செய்ய வையுங்கள். உங்கள் வீட்டு வேலைக்காக ஒருவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அசைவு தெரிந்தால் எரியும் சென்சார் விளக்கு ஒன்று கதவுக்கு மேலே போடுங்கள், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக. இரும்பு ஷெட்டில் மின்கசிவு என்பது மொத்த ஷெட்டும் ஷாக் அடிப்பது. பின்னால் எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெயிலில் காயும் தகர ஷெட்டில், பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில், பூட்டி வைத்துச் சார்ஜ் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடப்பாரை, ஏணி, ஸ்பானர் செட் எதையும் இந்த ஷெட்டில் வைக்காதீர்கள். முதல் பூட்டைத் திறந்தவனுக்கு இரண்டாவதைத் திறக்க நாமே ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். தொலைந்தால் போலீஸில் அடையாளம் சொல்ல அது ஒன்றுதான் உறுதியான சாட்சி. பைக்கின் இன்சூரன்ஸ் வெறும் மூன்றாம் நபர் காப்பீடா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் திருட்டுக்குப் பணம் கிடைக்காது.

வேலை முடிந்த அன்று, வெல்டருக்குப் பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்னால், ஷெட்டைப் பூட்டிச் சாவியை அவர் பையில் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு கடப்பாரையும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு வெளியே நில்லுங்கள். கதவை அடியிலிருந்து நெம்பிப் பாருங்கள், எழும்பக் கூடாது. நடு இடைவெளியில் முனையைச் செருகப் பாருங்கள். பூட்டுப் பெட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். காம்பவுண்டு மேல் ஏறிக் கூரை ஓரத்தைத் தூக்குங்கள். வெளியில் நின்று கைக்கு எட்டும் ஒவ்வொரு நட்டையும் திருகிப் பாருங்கள், திரும்புகிறதெல்லாம் அங்கேயே வெல்டிங் வைக்கப்பட வேண்டியது. கால் மணி நேரம் முயன்றும் உள்ளே போக முடியவில்லை என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு, தங்கையைப் புதுச் சைக்கிள் வாங்கக் கூட்டிப் போங்கள்.